விரற்கடையில் இந்தியா

காலை பத்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது இந்தியா. அது சின்னதாக இருந்தது.

விடைத்தாளோடு சேர்த்துக் கட்ட வேண்டிய மேப்பை மேற்பார்வையாளர் ஒவ்வொரு மேசையிலும் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனார். நான் திருப்பிப் பார்த்தேன். மேலே காஷ்மீர் இருந்தது, கீழே கன்னியாகுமரி இருந்தது, கிழக்கிலும் மேற்கிலும் எதுவும் குறையவில்லை. ஆனால் சுற்றிலும் போட்டிருந்த பெட்டிக் கோடு கைக்கு நெருக்கமாக வந்துவிட்டது. மூன்று மாதமாக நான் பழகிய இந்தியா இதைவிடப் பெரியது.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய நம் வயதுக்காரர்களுக்கு இதில் என்ன விபரீதம் என்று உடனே புரியாது. மேப் சின்னதாக இருந்தால் என்ன, பெரிதாக இருந்தால் என்ன, டெல்லி டெல்லி இருக்கும் இடத்தில்தானே இருக்கும் என்பீர்கள். உங்களுக்கெல்லாம் பூகோளம் சொல்லித்தர ஒரு டீச்சர் இருந்திருப்பார். எங்களுக்கு விரல்தான் இருந்தது.

என்னோடு அந்தப் பரீட்சையை எழுதியவள் என் சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சின்ன வயதில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதற்காக அம்மாவிடம் அடி வாங்கி, அதன்பிறகு சித்தி என்று மாற்றிக்கொண்டேன். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது அவர்கள் ஊர். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாவற்றிலும் முதல் தடவையே பாஸ் பண்ணியவள். சமூக அறிவியல் மட்டும் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போய்விட்டது. வரலாற்றை ஒப்பித்துவிடுவாள். மேப் கேள்வி வந்தால் கை நின்றுவிடும். "அந்தப் புள்ளைக்கு மேப்பு வராது" என்று ஊரில் சொல்வார்கள், பாட்டு வராது, கோலம் வராது என்பதைப் போல.

பொங்கல் முடிந்த வாரத்தில் மாமா அவளைத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். தேங்காய் வியாபாரம். தாத்தா போனபிறகு அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"இதான் கடைசி. பாஸாயிட்டின்னா சின்னாளப்பட்டிப் பக்கம் அந்த நர்ஸ் டிரெயினிங்ல சேத்து விட்டுர்றேன். ஃபெயிலாயிட்டின்னா பேசாமக் கழுத்த நீட்டிரணும். என்ன?"

"பாஸானா சேத்து விடுவீகல்லண்ணே?"

"சொன்னா சொன்னதுதான்."

"நெசமா?"

"ஏத்தா, அதான் அண்ணன் சொல்லிருச்சுல்ல. திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு" என்று அம்மா குறுக்கே வந்தாள். சித்தி அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த நர்ஸ் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஊருக்கு வாரம் ஒருநாள் ஒரு நர்ஸ் அம்மா வருவார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பெட்டி, லேடீஸ் சைக்கிள். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் டீக்கடை பெஞ்சில் இருக்கும் ஆண்கள் காலை இறக்கிக்கொள்வார்கள். சித்தி அதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். ஊசியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அவள் பேசி நான் கேட்டதில்லை. சைக்கிளும், அந்தக் கால்கள் இறங்குவதும்தான்.

என் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் பூகோள டீச்சர் மாறுதலில் போய்விட்டார். புதிதாக யாரும் வரவில்லை. அவருடைய பீரியடில் தையல் டீச்சர் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாமப் படிங்க" என்பார். எதைப் படிப்பது என்று சொல்ல மாட்டார். ஆகவே சித்தியோடு என்னையும் டுடோரியலில் சேர்த்தார்கள். அது அம்மா சொன்ன காரணம். வயசுப் பெண் சாயங்காலம் தனியாகப் போய்வரக் கூடாது, கூட ஓர் ஆள் வேண்டும் என்பது சொல்லாத காரணம்.

டுடோரியல் பேகம்பூர்ப் பக்கம், ஒரு தோல் மண்டியின் மாடியில். கீழே உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களை மடித்து அடுக்கியிருப்பார்கள். மாசி வெயிலில் அந்த வாடை படியேறி வந்து எங்களுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் இமயமலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பனி ஞாபகம் வருவதில்லை. உப்புத் தோல்தான் வருகிறது.

பாடம் நடத்திய சார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஆள் குள்ளம், கையும் அதற்கேற்ற கை. கழுத்தில் விசிலைக் கழற்றவேயில்லை. பூகோளத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்து இருந்தது: அதில் மார்க் இருப்பது மேப்பில். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மழை எங்கிட்டுப் பெய்யுது, மண்ணு என்ன கலருன்னு நீங்க பக்கம் பக்கமா எழுதுனாலும் பேப்பர் திருத்துறவன் படிக்கப்போறதில்ல. மேப்ப மட்டும் பாப்பான். புள்ளி சரியா இருந்தா மார்க்கு, இல்லாட்டி இல்ல. புள்ளிய எங்க வைக்கிறது? அதுக்குத்தான் ஆண்டவன் வெரலக் குடுத்திருக்கான்."

அவருடைய முறை இது. மேப்பைச் சுற்றி ஒரு பெட்டிக் கோடு இருக்குமல்லவா? இடதுபக்கக் கோட்டிலிருந்து எத்தனை விரற்கடை, கீழ்க்கோட்டிலிருந்து எத்தனை விரற்கடை என்று ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு எண். விரல்களைச் சேர்த்துக் கிடையாகப் படுக்க வைக்க வேண்டும், பிறகு நெடுக்காக. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி. பாதி விரலுக்கு நகத்தின் நடுவைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகக் கடையில் கட்டுக் கட்டாக விற்ற மேப்பில் தன் விரலை வைத்து அளந்து, ஐம்பது அறுபது இடங்களுக்கு எண் தயாரித்து வைத்திருந்தார்.

விசில் ஊதுவார்.

"சென்னை?"

"இடம் நாலு, கீழ ரெண்டு!"

"கல்கத்தா?"

"இடம் ஏழு, கீழ அஞ்சரை!"

"பம்பாய்?"

"இடம் ஒண்ணரை, கீழ நாலே கால்!"

நாற்பது பேர் ஒரே குரலில் கத்துவோம். கீழே மண்டியில் தோல் எண்ணுகிறவர்களுக்குக் கணக்குத் தவறிப்போகும். ஒருதடவை ஒருவர் படியேறி வந்து, "சார், நீங்க கொஞ்சம் மெதுவா எண்ணுனா நாங்களும் எண்ணிக்கிருவோம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மண்டி முதலாளியின் மகனும் எங்களோடு படித்தார். ஐந்தாவது தடவையாக எழுதுகிறவர். மீசை வைத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். "எங்க அத்தா சொல்லிட்டாரு, பத்து பாஸாகாமக் கல்லாவுல உக்கார விட மாட்டேன்னு. அவரு மூணாப்பு" என்பார். சார் விரல் முறையைச் சொன்னபோது அவர்தான் முதலில் எழுந்து கேட்டார்.

"சார், வெரல வச்சுப் பாக்குறப்ப புள்ளி கடல்ல விழுந்துச்சுன்னா?"

"விழாது."

"விழுந்துச்சுன்னா சார்?"

"கண்ண நம்பாத, வெரல நம்பு. பரீட்ச ஹால்ல பயத்துல கண்ணு ஏமாத்தும். வெரல் ஏமாத்தாது. உக்காருலே."

எல்லோருக்கும் விரல் ஒரே தடிமனா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. என் விரல்கள் வாழைக்காய் விரல்கள் என்று அம்மா திட்டுவாள். சாருடைய விரலுக்கு அவை அச்சாகப் பொருந்தின. என் கையைத் தூக்கிப் பிடித்து, "இதான் வெரலு! பாத்துக்கங்க" என்று வகுப்புக்கே காட்டினார். பூகோளத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

சித்தியின் விரல்கள் மெலிந்தவை. நீளமும் மெலிவுமாக, வளையல்காரர் பார்த்தால் சின்ன அளவை எடுத்துக் கொடுக்கும் கை. அவள் நாலு விரலை வைத்தால் சாருடைய மூன்றேகால் விரல்தான் வரும். முதல் வாரமே சார் அவளுடைய மேப்பைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்.

"ஏம்மா, சென்னையக் கொண்டுபோயி சேலத்துல வச்சிருக்க? அங்க என்ன மாம்பழம் வாங்கப் போச்சா? கல்கத்தா எங்க? பூரி ஜெகந்நாதர் கோயில்ல!"

வகுப்பே சிரித்தது. சித்தியும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சார், நீங்க சொன்ன மாதிரித்தான் வச்சேன். சென்னை கடற்கரையோரம்னு எனக்கே தெரியுது. கண்ணால பாத்துப் புள்ளி வச்சா என்ன?"

"மூணு தடவ கண்ணால பாத்துத்தான வச்ச? என்ன ஆச்சு?"

மூன்று தடவையும் அவள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருந்தாள்.

சாரும் ஒன்றும் கெட்டவர் இல்லை. மறுநாள் ஒரு முழு மதியம் உட்கார்ந்து, சித்தியின் விரலை அளந்து, அவளுக்கென்று தனியாக எண் தயாரித்துக் கொண்டுவந்தார். சென்னை இடம் அஞ்சு, கீழ ரெண்டரை. கல்கத்தா இடம் எட்டரை, கீழ ஆறரை. இப்படி எல்லா ஊருக்கும். "நீ மட்டும் இத மனப்பாடம் பண்ணு. மத்தவங்க சொல்றதக் காதுலயே வாங்கிக்கிறாத" என்றார். நாற்பது பேர் தினம் ஒருமணி நேரம் கத்துவதைக் காதில் வாங்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லித்தரவில்லை.

வீட்டில் சித்திக்கு எண் கேட்கும் வேலை என்னுடையது. பாத்திரம் கழுவும்போது, குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது, படுத்தபிறகு.

"டெல்லி?"

"இடம் மூணு…"

"அது ஊருக்கு. உனக்கு?"

"மூணரை. சனியன்."

அந்த வருடம் திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம். எந்த வருடம் இல்லை என்று கேட்காதீர்கள். குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தெருவே ஓடும். குழாயடியில் நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை. அங்கே மேகம் கறுத்துக் கட்டியிருக்கும், இங்கே மண் வெடித்திருக்கும். 'மழை மறைவுப் பிரதேசம்' என்று புத்தகத்தில் ஒரு பாடமே இருந்தது. மலையின் ஒருபக்கம் பெய்துவிட்டு மறுபக்கத்துக்குப் பெய்யாமல் போகிற மழையைப் பற்றியது. அந்தப் பாடத்துக்குள்தான் நாங்கள் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தோம். சித்தி ஒருநாள் சாரிடம், "சார், இது நம்ம ஊருதான?" என்று கேட்டாள். "அது ரெண்டு மார்க்கு. சாய்ஸ்ல விட்டுரு" என்றார் சார்.

வீட்டில் அப்பா இன்னொரு தலைவலி. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எங்கேயும் போனதில்லை. ஆனால் டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு இந்தியா முழுவதும் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. நாங்கள் தரையில் மேப்பை விரித்தால் வந்து குனிந்துகொள்வார்.

"இது தப்பு. நாக்பூரு இம்புட்டுக் கிட்டவா இருக்கும்? லோடு போயிச் சேர நாலு நாளு ஆகுதே."

"அப்பா, இது மேப்பு."

"மேப்புன்னா? ரோட்டுல இருக்கிறதத்தான போடணும்? கொடைக்கானலையும் பாரு, இந்தா கைய நீட்டுனா தொட்ரலாம் போலப் போட்டிருக்கான். பஸ்ஸுல போயிப் பாக்கச் சொல்லு. அதுக்குள்ள திருச்சிக்கே போயிட்டு வந்துரலாம்."

அவரைப் பொறுத்தவரை தூரம் என்பது போய்ச்சேரும் நேரம். சாரைப் பொறுத்தவரை அது விரல். புத்தகத்தைப் பொறுத்தவரை அது கிலோமீட்டர். இந்த மூன்று பேருக்கும் நடுவில் சித்தி நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடலுக்கு நீலம் தீட்டினால் மேப் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று சார் சொல்லியிருந்தார். கலர்ப் பென்சில் டப்பாவில் எங்களுக்கு நீலம் மட்டும் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தேய்ந்திருந்ததும், மற்ற நிறங்கள் புதிதாகவே கிடந்ததும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். அந்தத் தகர டப்பா இப்போது எங்கே போனதோ. என் பேரன் போனில் மேப் பார்க்கிறான். அவனும் விரலைத்தான் பயன்படுத்துகிறான், இரண்டே விரல். விரித்தால் இந்தியா பெரிதாகிறது.

பரீட்சைக்கு முதல்நாள் மாமா வந்தார். சித்தியின் நெற்றியில் விபூதி பூசி, புதுப் பேனா ஒன்றைக் கொடுத்தார். தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் கொடுத்தது என்றார். எனக்குப் பேனா இல்லை. "நீயும் நல்லா எழுது தாயி" என்று தலையில் கைவைத்தார். அதன்பிறகு அம்மாவும் மாமாவும் அடுப்படியில் நெடுநேரம் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேசுவது வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன்.

சித்தி தனித்தேர்வர் என்பதால் அவளுக்கு வேறு பள்ளிக்கூடம். எனக்கு என் பள்ளிக்கூடம். ஆனால் மேப் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் முதலில் சொன்ன அந்தக் காலை. சின்ன இந்தியாவை முன்னால் வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்றால், வெட்கக்கேடு, விரலைத்தான் வைத்தேன். பெட்டியின் அகலம் பத்து விரல் இருக்க வேண்டும். எட்டேகாலோ என்னவோதான் இருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. மேப் சிறுத்தால் எண்ணும் சிறுக்க வேண்டும் என்பதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் மூன்று மாதம் விசிலுக்குக் கத்திய வாய் அந்த நேரத்தில் கணக்குப் போட விடவில்லை. கை தானாகப் படுத்துக்கொண்டது. இடம் நாலு, கீழ ரெண்டு. சென்னை வங்காள விரிகுடாவில் இறங்கியது. அது தப்பு என்று தெரிந்து கரைக்கு இழுத்துப் போட்டேன். டெல்லி காஷ்மீர்ப் பக்கம் போனது, பம்பாய் குஜராத்துக்குப் போனது, கல்கத்தா அஸ்ஸாமில் ஏறி உட்கார்ந்தது. அவை தரையில் விழுந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மதியம் வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே பன்னீர் சோடாக் கடையில் மண்டி அண்ணன் நின்றிருந்தார். அவருக்கும் வேறு சென்டர். முடித்துவிட்டுச் சைக்கிளில் வந்திருந்தார்.

"சென்னைய எங்க வச்ச?" என்றார்.

"கரைக்கு இழுத்துட்டேண்ணே."

"நான் இழுக்கல. கண்ண நம்பாதன்னாரு. நம்பல. பேப்பர் திருத்துறவரு கப்பல்ல போயிப் பாத்துக்கிறட்டும்." சோடாவைக் குடித்து முடித்தார். "அடுத்த தடவ சாரோட வெரல வெட்டி எடுத்துட்டுப் போயிருவோம்."

சார் அன்று சாயங்காலம் டுடோரியல் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லோரும் மொய்த்துக்கொண்டோம். அவர் அசரவில்லை. "மேப்பச் சின்னதாப் போட்டது அவங்க தப்பு. வெரல் தப்பில்ல" என்றார். இதைவிடத் தெளிவான மறுப்பறிக்கையைப் பின்னால் பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில்கூட நான் வாங்கி எழுதியதில்லை.

சித்தி டுடோரியலுக்கு வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் போய் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போச்சுடி."

"மேப்புச் சின்னதா இருந்துச்சுல்ல? எல்லாருக்கும்தான் போச்சு."

"சின்னதா இருந்துச்சா?"

அவள் அதைக் கவனிக்கவேயில்லை. "அது இல்லடி. என் நம்பரு மறந்துபோச்சு. ஒண்ணுகூட ஞாபகம் வரல. காதுக்குள்ள எல்லாம் நீங்க கத்துறதுதான் கேக்குது. வேற வழியில்லாம ஊரு நம்பரையே வச்சுட்டு வந்துட்டேன். எல்லாம் சேலத்துக்கும் பூரிக்கும் போயிருக்கும்" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"சென்னை எங்க விழுந்துச்சு?"

"யாரு பாத்தா? அழுக வந்துருச்சு."

எனக்கு ஏதோ இடித்தது. பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், காலையில் பார்த்த பெட்டியின் அளவை என் விரலாலேயே மதிப்பிட்டு வரைந்தேன். உள்ளே இந்தியாவைச் சுமாராகப் போட்டேன். சித்தியை எழுப்பி உட்காரவைத்து, கையைப் பிடித்து வைத்தேன். ஊர் நம்பர். இடம் நாலு, கீழ ரெண்டு. அவளுடைய மெலிந்த நாலு விரலும் சரியாகக் கிழக்குக் கரையில் போய் நின்றன. ஏழு, அஞ்சரை. கங்கை கடலில் சேரும் இடம். டெல்லி டெல்லியில் இருந்தது.

மேப் எந்த அளவுக்குச் சிறுத்திருந்ததோ, அவள் விரலும் சாரின் விரலைவிட அந்த அளவுக்கே மெலிந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். அதை அவளுக்குப் புரிய வைக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "சோறு ஆறுது, அங்க என்னத்தக் கைய வச்சு வெளாடுறீக?" என்று இரண்டு தடவை கத்திவிட்டாள்.

"அப்ப நான் மூணு மாசமா மனப்பாடம் பண்ணுனது?"

"வச்சிருந்தீன்னா எல்லாம் தப்பாயிருக்கும்."

"மறந்ததுதான் ரைட்டு?"

"ஆமா."

சித்தி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நீலப் பென்சிலை எடுத்துச் சுவரில் எறிந்தாள். "இதுக்குப் பேரு பரீட்சையாடி?" என்றாள். பிறகு எழுந்துபோய் மூன்று பேர் சாப்பிடும் சோற்றைச் சாப்பிட்டாள்.

ரிசல்ட் மாலைப் பத்திரிகையில் வந்தது. பொடி எழுத்தில் வரிசை வரிசையாக நம்பர்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பத்திரிகைக்கு ஏழெட்டுத் தலைகள் குனிந்திருந்தன. என் நம்பர் இருந்தது; மேப்பில் போனதை வரலாறு காப்பாற்றியிருந்தது. சித்தியின் நம்பரும் இருந்தது. அவள் அதை நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். மை விரலில் ஒட்டிக்கொண்டது. மண்டி அண்ணனின் நம்பர் இல்லை. அவர் எங்கள் இருவருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அத்தாக்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்களேன்" என்றார்.

டுடோரியல் வாசலில் மறுநாளே பலகை வைத்துவிட்டார்கள். 'விரல் முறையில் மாபெரும் வெற்றி' என்று எழுதி, அதன் கீழே சித்தியின் பெயர். சார் வீடு தேடி வந்து அவளை வாழ்த்தினார். "நான் உனக்குன்னு தனியா நம்பர் போட்டுக் குடுத்தேன்ல? பாத்தியா?" என்றார். சித்தி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். அடுத்த வருடம் அந்த மாடியில் உட்கார இடமில்லாமல் படிக்கட்டிலும் பெஞ்சு போட்டார்கள் என்று கேள்வி.

மாமா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெரிய பொட்டலமாக மிக்சரும் அல்வாவும். கூட கொடைரோட்டிலிருந்து வந்ததாக இரண்டு பேர். ஒருவருக்கு வயதாகியிருந்தது, இன்னொருவர் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார். அவர்கள் காப்பி குடித்தார்கள், சித்தி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், அவர்கள் போனார்கள். எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாசல்வரை போய் அனுப்பிவிட்டு மாமா திரும்பியதும் சித்தி கேட்டாள்.

"டிரெயினிங்குக்கு எப்பண்ணே அப்ளிகேசன் குடுப்பாக?"

"அது கெடக்கட்டும். இவுக மெடிக்கல் ஷாப்பு வச்சிருக்காக. ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டிருக்காக. டென்த் பாஸான பொண்ணுதான் வேணும், கடையில மருந்துச் சீட்டு பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக. நானும் இந்தா பாஸாயிரும், அந்தா பாஸாயிரும்னு இழுத்துப் புடிச்சு வச்சிருந்தேன்."

"பாஸானாப் படிக்க வைக்கிறேன்னுதான சொன்னீக? ஃபெயிலானாத்தான கல்யாணம்னீக?"

"ஃபெயிலானா இவுக எங்குட்டுக் கட்டுவாக? கூறு கெட்டவளா இருக்கியே. அப்படிச் சொன்னாத்தான் நீ படிப்பன்னு சொன்னேன்." மாமாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "நர்சானாலும் மருந்துதான், இதுவும் மருந்துதான். அங்க ஊர் ஊராச் சுத்தணும். இங்க ஃபேனுக்கடியில உக்காந்திருக்கலாம்."

"அக்கா, உனக்குத் தெரியுமா?" சித்தி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா அல்வாப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடிச்சு அவிழவில்லை. "நல்ல எடம்டி" என்றாள்.

பொங்கல் முடிந்த அந்த வாரத்தில் மாமா பொய் சொன்னார் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பாஸானால் நல்லது நடக்கும் என்பதைத்தான் அவர் டிரெயினிங் என்று சொல்லியிருந்தார். அவர் கணக்கில் நல்லதுதான் நடந்தது. தங்கைக்கு எது நல்லது என்று அவர் தன் விரலை வைத்து அளந்து வைத்திருந்தார். இதைக் கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன். முடியவில்லை.

சித்தி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள். பயிற்சி நிலையத்து விண்ணப்பத்தை நான் போய் வாங்கி வந்தேன். அதைப் பூர்த்தி செய்ய மாமா கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அடுத்த தடவை வந்தபோது கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகையை வத்தலக்குண்டில் அச்சடித்தார்கள். மணமகள் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று போட்டிருந்தது. மணமகன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை.